பேர் எடுத்த கார்களும் பேரை விற்ற கார்களும்

(கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வாகனம் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.)

எந்தக் கார் கம்பனியின் தரம் அளவுக்கு மீறிப் புகழப்படுகின்றது? கடந்த தவணை முழுக்க எமது ஆசிரியர் ஓய்வறையில் ஓடிய விவாதம் இதுதான். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்ததிலிருந்து, யாராவது ஒருவர் வாகனம் பார்க்கப் போனால் முழு ஓய்வறையும் அவரோடு சேர்ந்து போகின்றது. கணித ஆசிரியருக்கு டொயோட்டா தவிர மற்றதெல்லாம் தகரம். விஞ்ஞான ஆசிரியருக்கு ஜேர்மன்காரன் செய்ததுதான் கார், மற்றதெல்லாம் முச்சக்கர வண்டிக்கு இன்னொரு சில்லுப் பூட்டியது. ஹொண்டாவுக்கு ஒரு கட்சி, சுசுகிக்கு ஒரு கட்சி. மணி அடித்தாலும் முடிவதில்லை.

வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு என்ஜினைத் திறந்து பார்க்கத் தெரியாது. ஆனால் இந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க ஒன்று மட்டும் விளங்கியது. எல்லோரும் பேசுவது தாம் வாங்கப்போகும் காரைப் பற்றியல்ல. வாப்பா ஓட்டியது, மாமா வாடகைக்கு விட்டது, ஊரில் முப்பது வருடம் ஓடியது என்று போன காலத்துக் காரைப் பற்றித்தான். அந்தக் காரைச் செய்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். தொழிற்சாலையே கூட மூடியிருக்கும். பேர் மட்டும் மிச்சம். எமது கருத்து இதுதான்: ஒரு கம்பனியின் பேர் அதன் தொழிற்சாலையை விடப் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் வருகின்றது. தரம் ஏறும்போதும் பேர் பிந்தித்தான் ஏறும். தரம் இறங்கும்போதும் பிந்தித்தான் இறங்கும். இடைப்பட்ட அந்த வருடங்களில் வாங்குபவர்தான் ஏமாறுகிறார், அல்லது அதிர்ஷ்டம் அடைகிறார்.

இது வெறும் ஓய்வறைப் பேச்சல்ல. ஓர் ஆசிரியருக்கு வாகனம் என்பது வாழ்நாளில் ஒரு தடவை எடுக்கும் முடிவு. லீசிங் தவணை ஐந்து வருடம் சம்பளத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதில் எவ்வளவு இரும்புக்கு, எவ்வளவு பேருக்கு என்று தெரியாமல் கையெழுத்து வைப்பது சின்ன விடயமல்ல.

சரி, முதலில் மொரிஸ் மைனர்.

எங்களில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் அந்தச் சத்தம் ஞாபகமிருக்கும். ஸ்ரீ இலக்கத்தகடு, உருண்டை முகம், வயதான டொக்டர் ஒருவர் அல்லது ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1948 இல் இலண்டன் கண்காட்சியில் காட்டப்பட்ட கார் அது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் காரும் அதுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது கணக்கு 16 இலட்சத்தைத் தொட்டிருந்தது. இலங்கையில் அது நின்ற பிறகும் ஓடியது. எந்தளவுக்கென்றால், 1990களில் மொரிஸ் மைனருக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு, அது பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின!

ஏன் அப்படி ஓடியது? அது அற்புதமான கார் என்பதாலா? நேர்மையாகச் சொன்னால் முழுவதும் அப்படியல்ல. அதன் பிரேக் இன்றைய கணக்கில் பயங்கரம். சக்தி குறைவு. ஆனால் அதில் பழுதாகக்கூடிய பொருட்களே குறைவு. பழுதானால் வீதியோரத்து பாஸ் ஒருவர் ஒரு சாவியும் ஒரு சுத்தியலும் வைத்துக்கொண்டு திருத்திவிடுவார். 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதிய வாகனம் வருவதே அரிது. ஆகவே இருப்பதைச் சாகவிடாமல் வைத்திருக்க வேண்டிய தேவை. மொரிஸின் ஆயுளில் பாதி இங்கிலாந்தில் செய்யப்பட்டது, மறுபாதி எங்கள் ஊர் கராஜ்களில் செய்யப்பட்டது. ஆனால் பேர் முழுவதும் இங்கிலாந்துக்குப் போனது. "வெள்ளைக்காரன் இரும்பு" என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பேரை வெள்ளைக்காரன் என்ன செய்தான்? 1968 இல் ஒஸ்டின், மொரிஸ், ஜகுவார், ரோவர், ட்ரையம்ப் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் கம்பனியை உருவாக்கினார்கள். ஒன்றோடொன்று போட்டி போட்ட கம்பனிகள், ஒரே வகைக் காரை இரண்டு மூன்று பேரில் செய்த தொழிற்சாலைகள், எதையும் மூடத் துணிவில்லாத முகாமை, ஓயாத வேலைநிறுத்தம். மொரிஸ் மைனரின் இடத்துக்கு 1971 இல் மொரிஸ் மரீனா வந்தது. புதிய கார் என்றார்கள், ஆனால் முன் சில்லுகளின் சஸ்பென்ஷன் அமைப்பு 1948 இன் மைனரிலிருந்து வந்தது. 1973 இல் ஒஸ்டின் அலெக்ரோ வந்தது. அதன் ஸ்டியரிங் வட்டமாகக்கூட இல்லை, மூலை மழுங்கிய சதுரம். இரண்டும் இன்றுவரை பிரித்தானியர்களே சொல்லிச் சிரிக்கும் பேர்கள். 1975 இல் அரசாங்கம் கம்பனியைக் கையேற்க வேண்டியதாயிற்று. கடைசித் துண்டான ரோவர் 2005 ஏப்ரலில் வங்குரோத்தாகி விழுந்தது.

கவனியுங்கள். மரீனாவின் முகப்பிலும் "மொரிஸ்" என்றுதான் எழுதியிருந்தது. அலெக்ரோவின் முகப்பிலும் "ஒஸ்டின்" என்றுதான் இருந்தது. பழைய கார்கள் வீதியில் ஓடிக்கொண்டிருந்ததால் பேர் பல வருடம் சாகவில்லை. ஒரு பக்கக் கதையாக, எம்.ஜி. என்ற பேரையும் பாருங்கள். மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம் அது. ரோவர் விழுந்தபோது சீனாவின் நான்ஜிங் கம்பனி அந்தப் பேரை வாங்கியது, பின்னர் அது ஷங்ஹாயின் சாயிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று வீதியில் எம்.ஜி. ஒன்றைப் பார்த்து "பிரித்தானியத் தயாரிப்பு" என்று பெருமூச்சு விடுபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கார் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அதன் நன்மை தீமைக்கும் பழைய மொரிஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேரைத் தனியாகக் கழற்றி விற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

இப்போது ஜப்பானுக்கு வருவோம்.

1957 இல் டொயோட்டா அமெரிக்காவில் கடை திறந்தது. கொண்டுபோன கார் டொயோபெட் கிரவுன். ஜப்பானின் கரடுமுரடான, வேகமில்லாத வீதிகளுக்குச் செய்த வண்டி அது. கலிபோர்னியாவின் நீண்ட அதிவேகப் பாதையில் ஏறியதும் திணறியது, சூடேறியது, நடுங்கியது. முதல் முழு ஆண்டில் விற்ற எண்ணிக்கை 300ஐக் கூட எட்டவில்லை. சில வருடங்களில் அதை அங்கே விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் "ஜப்பானில் செய்தது" என்றால் மலிவு, உடைசல் என்றே உலகத்தில் அர்த்தம். இன்று டொயோட்டா என்றதும் எழுந்து நிற்கும் எமது கணித ஆசிரியர் 1958 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்திருந்தால் செவ்ரோலெட்தான் வாங்கியிருப்பார். அது தவறான தீர்மானமாகவும் இருந்திருக்காது.

அந்த அவமானத்துக்கும் புகழுக்கும் இடையில் நடந்தது என்ன? இரண்டு வேர்கள். ஒன்று நெசவுத்தறி. கம்பனியின் மூலவரான சகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924 இல் வந்த அவரது தானியங்கித் தறியில், ஒரு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு நெய்த துணி குப்பை. ஆகவே பிழை தொடங்கிய இடத்திலேயே நிறுத்து என்பது கணக்கு. நெசவு இயந்திரத்தின் தாய்வீடான இங்கிலாந்தின் ப்ளாட் பிரதர்ஸ் கம்பனியே 1929 இல் அந்தக் காப்புரிமையை வாங்கியது. இதே எண்ணம் பிறகு கார்த் தொழிற்சாலைக்கு வந்தது. வேலை வரிசையின் மேலே ஒரு கயிறு. சாதாரணத் தொழிலாளி ஒருவர் பிழையைக் கண்டால் இழுக்கலாம், பிழை உடனே தீராவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். மற்ற நாடுகளில் வரிசையை நிறுத்தியவனுக்கு வேலை போகும் காலம் அது.

இரண்டாவது வேர் ஓர் அமெரிக்கர். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளிவிபரவியலாளர் 1950 இல் ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள் ஒன்றியத்தின் அழைப்பில் விரிவுரை நடத்தினார். பொருள் முடிந்த பிறகு சோதித்துக் கழிப்பதல்ல தரம். செய்யும் முறையிலேயே ஏற்றத்தாழ்வைக் குறைப்பதுதான் தரம் என்றார். அடுத்த வருடமே அவர் பேரில் ஒரு பரிசை நிறுவினார்கள். 1965 இல் டொயோட்டா அதை வென்றது. அவரது சொந்த நாட்டுக் கார் கம்பனிகள் அவரைத் தேடிப் போனது 1980களில், ஜப்பான் கார்கள் வீட்டு வாசலுக்கே வந்த பிறகு.

இலங்கையில் நாம் இந்தக் கதையின் நடுவில் நுழைந்தோம். 1977 இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிலும் எங்களைப் போல வீதியின் இடப்பக்கத்தில்தான் வாகனம் ஓடும், ஸ்டியரிங் வலப்பக்கத்தில் இருக்கும். அங்கே புதிய காருக்கு மூன்று வருடத்தில் முதல் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. செலவு அதிகம். ஆகவே அதிகம் ஓடாத நல்ல கார்களை உரிமையாளர்கள் கழித்துவிடுகிறார்கள். அவை ஏலத்துக்கு வந்து கப்பலேறின. ட்ரட் சன்னி, எப்.பி. 14, கொரோல்லா 110, 121, டொல்பின் வேன் என்று நாம் வைத்த செல்லப் பேர்களோடு ஊருக்குள் நுழைந்தன. ஜப்பானியத் தொழிற்சாலை உச்சத்தில் இருந்த காலத்தின் கார்கள் அவை. முதல் சில வருடம் ஜப்பானின் நல்ல வீதியில், ஒழுங்கான சேர்விஸுடன் ஓடிவிட்டு வந்தவை வேறு. எங்கள் வாப்பாமாரின் தீர்ப்பு பிழையில்லை. அவர்கள் கண்டது உண்மை.

பிழை எங்கே தொடங்குகின்றது என்பதைக் காட்ட, எமக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் கலிபோர்னியாவின் ஃப்ரீமொன்ட் நகரில் நடந்தது.

அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. பேர் கெட்ட தொழிற்சாலை. வேலைக்கு வராதவர்கள், குடித்துவிட்டு வருபவர்கள், வேண்டுமென்றே பிழை செய்பவர்கள். 1982 இல் மூடிவிட்டார்கள். 1984 இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. நும்மி என்பது அந்தக் கூட்டு நிறுவனத்தின் பேர். வேலைக்கு எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கயிற்றை இழுக்கும் உரிமையைக் கையில் கொடுத்தார்கள். குறுகிய காலத்தில் அந்தக் கெட்ட தொழிற்சாலை அமெரிக்காவின் மிகச் சிறந்த தொழிற்சாலைகளில் ஒன்றாகியது. "எங்கள் ஆட்கள் சரியில்லை" என்று சொல்லும் எல்லா முகாமையாளர்களும் இந்தக் கதையைப் படிக்க வேண்டும். (அதிபர்மாரும்தான். இது யாரையும் குறித்ததல்ல!)

ஆனால் நாம் சொல்ல வந்தது அதற்கடுத்த பகுதி. அந்தத் தொழிற்சாலையில் டொயோட்டா கொரோல்லாவும், ஜியோ ப்ரிஸ்ம் என்ற காரும் பக்கத்தில் பக்கத்தில் செய்யப்பட்டன. ப்ரிஸ்ம் என்பது ஜெனரல் மோட்டர்ஸ் கடைகளில் விற்பதற்கு. முகப்பும் சில அலங்காரமும் வேறு. உள்ளே அதே என்ஜின், அதே கியர், அதே கைகள், அதே கயிறு. ஒரு தாய் வயிற்று இரட்டையர். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? கொரோல்லாவுக்கு வரிசையில் நின்றார்கள். ப்ரிஸ்மைத் தள்ளுபடி கொடுத்து விற்க வேண்டியிருந்தது. சில வருடம் கழித்து இரண்டாம் கைச் சந்தையில் ப்ரிஸ்மின் விலை இன்னும் கீழே போனது. சந்தைப்படுத்தல் படிப்பவர்களுக்கு இது இன்றுவரை பாடமாக இருக்கின்றது. அந்த விலை வித்தியாசத்துக்குள் இரும்பு கிடையாது, இறப்பர் கிடையாது. அது முழுக்க முழுக்கப் பேரின் விலை.

எங்களிடமும் இப்படி இரட்டையர் உண்டு. டொயோட்டா பாஸோவும் டைஹட்சு பூனும் ஒரே கார், செய்தது டைஹட்சு. டொயோட்டா ரெய்ஸும் டைஹட்சு ரொக்கியும் அப்படியே. மஸ்தா ஃப்ளெயர் என்பது சுசுகி வெகன்ஆர்தான், இலச்சினை மட்டும் மாற்றியது. அடுத்த தடவை கார் சேலுக்குப் போனால் இரண்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள். பிறகு, "என்ன நானா வித்தியாசம்?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள்.

"விற்கும்போது அந்தக் காசு திரும்பி வருமே" என்பீர்கள். நியாயமான வாதம். மறுவிற்பனை விலை என்பது எங்கள் நாட்டில் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. ஆனால் அதைத் "தரம்" என்று அழைக்காதீர்கள். எல்லோரும் வாங்குவதால் விலை நிற்கிறது, விலை நிற்பதால் எல்லோரும் வாங்குகிறார்கள். இந்த வட்டத்துக்குள் காரின் என்ஜின் எங்கேயும் வருவதில்லை.

ஜேர்மன் கட்சிக்கு வருவோம். மேர்சிடிஸ் பென்ஸின் W123 என்ற வகை 1976 முதல் 1980களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்டது. மொரோக்கோவில் டாக்சியாகப் பல தசாப்தங்கள் ஓடியது. கொழும்பில் இன்றும் ஓடும். அந்தக் காரின் பேரில் பென்ஸ் அடுத்த முப்பது வருடம் வியாபாரம் செய்தது என்றால் மிகையில்லை. ஏனெனில் 1990களில் நிலைமை மாறியது. செலவைக் குறைக்கும் அவசரம், முதிராத மின்னணுப் பாகங்கள், 1998 இல் கிரைஸ்லருடன் பொருந்தாத கல்யாணம். 1995 இல் வந்த ஈ வகுப்புக் கார்கள் துருப்பிடித்தன. பென்ஸ், துரு! 1997 இல் புதிய ஏ வகுப்புக் கார் சுவீடனில், திடீரெனத் திசைதிருப்பும் சோதனையில் கவிழ்ந்தது. 2005 மார்ச்சில் பிரேக், மின் பாகக் குறைகளுக்காக 13 இலட்சம் கார்களைத் திருப்பியழைத்தார்கள். அமெரிக்காவின் நம்பகத்தன்மைக் கணக்கெடுப்புகளில் அந்த வருடங்களில் பென்ஸ் சராசரிக்குக் கீழே நின்றது. பிறகு திருந்தினார்கள், அது வேறு கதை. ஆனால் அந்த இடைக்காலத்துப் பென்ஸை "W123 மாதிரி" என்று நம்பி வாங்கியவர் எவ்வளவு காசு இறைத்திருப்பார்! எமது தீர்ப்பில், அளவுக்கு மீறிய புகழுக்கு முதலிடம் அந்தப் பத்து வருடத்துப் பென்ஸுக்குத்தான். விஞ்ஞான ஆசிரியர் கோபிக்கக் கூடாது.

டொயோட்டாவையும் விட முடியாது. உலகின் முதலாவது கம்பனியாக வேண்டும் என்று 2000களில் ஓடிய ஓட்டத்தில் கயிறு தளர்ந்தது. 2009 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்ஸஸ் கார் நிற்காமல் பாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். கால் விரிப்பு எக்ஸலேட்டரில் சிக்கியது காரணம் எனக் கண்டார்கள். பிறகு எக்ஸலேட்டர் மிதியே இறுகி நிற்கும் குறை வெளிவந்தது. 2010 பெப்ரவரியில் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் முன் போய் நின்று, கம்பனியின் வளர்ச்சி மிதமிஞ்சிய வேகத்தில் நடந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மின்னணுக் கோளாறு என்ற குற்றச்சாட்டை நாசா விஞ்ஞானிகள் ஆராய்ந்து ஆதாரமில்லை என்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாவனையாளரிடம் உண்மையை மறைத்தமைக்காக 2014 இல் 120 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது டொயோட்டா. மறைத்தது ஏன்? பேரைக் காப்பாற்ற.

ஹொண்டா கட்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2013 செப்டெம்பரில் வந்த ஃபிட் ஹைபிரிட், நாம் ஜீ.பி. 5 என்று அழைப்பது, ஜப்பானில் ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து தடவை திருப்பியழைக்கப்பட்டது. சில தடவை வெஸலும் சேர்ந்து போனது. பெரும் தொல்லை அதன் இரட்டைக் கிளட்ச் கியர் அமைப்பின் மென்பொருளில். 2014 ஒக்டோபரில் கம்பனியின் தலைவரும் உயர் அதிகாரிகளும் தமது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அதே காலத்தில் இங்கே நாம் அந்தக் கார்களுக்கு முற்பணம் கட்டிக்கொண்டிருந்தோம். பேர் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது, செய்தி வரவில்லை.

எல்லாவற்றிலும் கனமானது டைஹட்சு விவகாரம். 2016 இலிருந்து முழுமையாக டொயோட்டாவின் கம்பனி அது. 2023 டிசம்பரில் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கையில் 64 வகை வாகனங்கள், 174 முறைகேடுகள். மிகப் பழையது 1989 இலேயே நடந்தது. எங்கள் வீதிகளில் ஓடும் சிறிய கார்களின் குடும்பம்தான் இது. மோதல் சோதனையில் காற்றுப் பையை உணரி விரிக்க வேண்டும்; இவர்கள் கடிகாரம் வைத்து விரித்திருக்கிறார்கள். பரீட்சையில் விடைத்தாளை முன்கூட்டியே எழுதி வைத்தது போல. மீரா ஈஎஸ் காரைக் குறுகிய காலத்தில் உருவாக்கி வெற்றி கண்ட பிறகு, எல்லாக் காரையும் அதே வேகத்தில் முடி என்று மேலிருந்து நெருக்கினார்கள். கீழே இருந்தவர்களுக்கு "முடியாது" என்று சொல்லும் துணிவில்லை. தறி நிற்கவில்லை, நூல் அறுந்தபடியே ஓடியது. பிறகு ஜப்பானிய அரசு மறுபடி சோதித்ததில் பெரும்பாலான கார்கள் தரத்துக்குள் இருந்தன, விற்பனையும் தொடங்கியது. டவுன்ஏஸ் உட்படச் சிறு லொறி வகை மூன்றின் அனுமதி மட்டும் 2024 ஜனவரியில் இரத்தானது. கார் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. சோதித்ததாகச் சொன்ன வார்த்தை பொய் என்றுதான் சொல்கிறோம். பேர் என்பது அந்த வார்த்தைதானே?

சிலர் இணையத்தில் இருந்து அமெரிக்கத் தரவரிசைகளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவற்றைப் பார்க்கலாம், ஆனால் என்ன எண்ணுகிறார்கள் என்று தெரிந்து பாருங்கள். ஜே.டி. பவர் நிறுவனத்தின் கணக்கில் நூறு காருக்கு எத்தனை குறை என்பதுதான் அளவு. தொலைபேசி காருடன் இணையாததும் ஒரு குறை, கியர்ப் பெட்டி உடைவதும் ஒரு குறை. அதன் நம்பகத்தன்மைக் கணக்கெடுப்பு மூன்று வருடமான காரைப் பற்றியது. நாம் அந்தக் காரை வாங்குவதே பல வேளை அந்த வயதுக்குப் பிறகுதான். இலங்கையில் நம்பகத்தன்மை என்பதன் பாதி, பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கிறதா என்பது. பெஜோ 404 ஐயும் 504 ஐயும் ஆபிரிக்கா முழுவதும் தலையில் வைத்துக் கொண்டாடியது. எங்கள் ஊரில் அதே கம்பனியின் பிந்திய கார் ஒன்றை வைத்திருப்பவரிடம் பேசுங்கள், காரின் குறையை விடப் பாகம் தேடி அலைந்த கதைதான் அதிகம் வரும்.

தரம் ஏறும்போது பேர் பிந்துவதற்கும் உதாரணம் இருக்கின்றது. 1986 இல் ஹையுண்டாய் அமெரிக்காவில் எக்ஸெல் காரை 4,995 டொலருக்கு விற்றது. முதல் வருடமே ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போனது. பிறகு அவை வரிசையாகப் பழுதாகத் தொடங்க, தொலைக்காட்சிக் கோமாளிகளின் நகைச்சுவைக்கு அந்தப் பேர் பொருளாகியது. 1990களின் இறுதியில் என்ஜினுக்கும் கியருக்கும் 10 வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். 2004 இன் தரக் கணக்கெடுப்பில் டொயோட்டா, ஹொண்டாவுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். சனம் நம்ப இன்னும் பல வருடம் எடுத்தது. நம்பத் தொடங்கிய பிறகு, 2015 முதல் என்ஜின் குறைக்காக இலட்சக்கணக்கில் திருப்பியழைக்க வேண்டி வந்தது! இப்போது துறைமுகத்தில் இறங்கும் சீனக் கார்களைப் பார்த்து எமது ஓய்வறையில் எழும் சிரிப்பு, 1958 இல் டொயோபெட்டைப் பார்த்து எழுந்த அதே சிரிப்பா, அல்லது 1986 இன் எக்ஸெலைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பா? அந்தக் கார்களுக்கு இன்னும் இங்கே பத்து வயதாகவில்லை. ஆகவே அவற்றைப் புகழ்பவரையும் இகழ்பவரையும் நாம் ஒரே தராசில்தான் வைக்கிறோம்.

கடைசியாக, விவாதத்தை விட முக்கியமான ஒன்று. டகாடா என்ற ஜப்பானியக் கம்பனி செய்த காற்றுப் பைகள் ஹொண்டா, டொயோட்டா, நிஸ்ஸான், பீ.எம்.டபிள்யூ. எனப் பல கார்களில் பூட்டப்பட்டன. உள்ளே இருக்கும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதனும் உள்ள நாடுகளில் வருடக்கணக்கில் கெட்டு, மோதும்போது பை விரிவதற்குப் பதிலாக உலோகத் துண்டுகளைத் தெறிக்க வைக்கின்றது. அமெரிக்காவில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களைப் போன்ற காலநிலையுள்ள மலேசியாவிலும் இறந்தார்கள். 2017 ஜூனில் கம்பனி வங்குரோத்தானது. திருப்பியழைக்கும் கடிதம் ஜப்பானில் அந்தக் காரின் பழைய உரிமையாளருக்குப் போகும். அவர் காரை ஏலத்தில் விட்டுவிட்டார். அது இப்போது உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கின்றது.

உங்கள் வாகனப் புத்தகத்தில் செசி இலக்கம் இருக்கின்றது. ஜப்பானியக் கம்பனிகளின் இணையத்தளங்களில் அந்த இலக்கத்தைப் போட்டால், அந்தக் காருக்குத் திருப்பியழைப்பு ஏதும் இருந்ததா, வேலை முடிந்ததா என்று காட்டும். பக்கம் ஜப்பான் மொழியில் இருக்கும், தொலைபேசியின் மொழிபெயர்ப்பே போதும். விளங்காவிட்டால் உள்நாட்டு முகவரிடம் அந்த இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். 2015 க்கு முந்திய கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள். செய்யத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.